தேடுபொறியும் முன்னிடமும்

நூல்கள் பெருகிய இடமெல்லாம் அவற்றைத் தேடிக் காணும் கருவியும் உடன் தோன்றியிருத்தலை வரலாறு காட்டும். கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரத்துப் பெருநூலகத்தோடு தொடர்புற்றிருந்த கலிமாக்கஸ் என்னும் கிரேக்கப் புலவர், நூல்களைத் துறைவாரியாகவும் ஆசிரியர் வாரியாகவும் வகுத்து, 120 சுருள்களாக அமைந்த அட்டவணையொன்றை இயற்றினார். கி. பி. பதின்மூன்றாம் நூற்றாண்டிலே பாரிஸ் நகரத்துத் தொமினிக்கன் சபைத் துறவிகள், இலத்தீன் விவிலியத்தில் ஒவ்வொரு சொல்லும் எவ்வெவ்விடத்தில் வருகின்றது என்பதைக் காட்டும் சொல்லடைவைத் தொகுத்தனர். முன்னது நூலைக் காட்டுவது. பின்னது நூலினுள்ளே சொல்லைக் காட்டுவது. இன்று இணையத்திலே எண்ணிறந்த பக்கங்களினின்றும் வேண்டிய பக்கத்தை நொடிப்பொழுதில் எடுத்து நீட்டும் தேடுபொறி, இவ்விரு கருவிகளின் வழித்தோன்றலேயாம்.

தமிழர்க்கும் இவ்விரு நெறிகளும் புதியனவல்ல. திவாகரம், சூடாமணி முதலிய நிகண்டுகள் சொற்களைத் தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பொருள்வகையாற் பகுத்தன. அவற்றிலே ஒரு சொல்லைக் காண விழைபவன் அச்சொல் எவ்வகையைச் சார்ந்தது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் நூல் முழுவதையும் மனனஞ் செய்திருத்தல் வேண்டும். 1594 இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை எழுத்து வரிசையில் நிறுத்தியது. 1732 இல் வீரமாமுனிவர் ஆக்கிய சதுரகராதியும், 1842 இல் வெளிவந்த மானிப்பாய் அகராதியும் அந்நெறியை வளர்த்தன. பொருள்வகையினின்றும் எழுத்துவரிசைக்கு வருதற்குத் தமிழ் பல நூற்றாண்டுகள் கொண்டது. இணையமோ அதனை ஒத்த மாற்றத்தைச் சில ஆண்டுகளிலேயே கண்டது.

எனினும் பழைய அட்டவணைக்கும் புதிய தேடுபொறிக்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. விவிலியச் சொல் எதுவும் சொல்லடைவில் முன்னிடம் பெறுதற்கு முயன்றதில்லை. சூடாமணியிலே ஒரு மரத்தின் பெயர் மற்றொரு மரத்தின் பெயரைத் தள்ளிவிட்டு முதலடிக்கு வர எண்ணியதில்லை. இணையத்திலே அட்டவணைப்படுத்தப்படும் பொருளுக்கு உரிமையாளர் உளர். அவர்க்கு ஆதாயமும் புகழும் நோக்கமாக உள. தம் பக்கம் விடைப்பட்டியலின் முதல் வரிசையில் தோன்றல் வேண்டும் என்று அவர் அதனைத் திருத்தியமைக்கின்றார். அம்முயற்சியே தேடுபொறி உகப்பாக்கம் எனப்படும். இப்பெயர் 1997 ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது. அதன் வரலாறு, அளப்போனுக்கும் அளக்கப்படுவோனுக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போட்டியின் வரலாறாகும்.

தொடக்கம்

சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ண் ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேர்ணர்ஸ்-லீ, உலகளாவிய வலை என்னும் அமைப்பை 1989 இல் முன்மொழிந்தார். 1993 ஏப்பிரில் 30 ஆந் திகதி அந்நிலையம் அதனை யாவர்க்கும் பொதுவாக்கியது. அதற்கு முன்னரே, 1990 இல், மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்திலே பார்படோஸ் தீவினரான அலன் எம்ரேஜ் என்னும் மாணவர், பல கணினிகளிலே கிடந்த கோப்புகளின் பெயர்களைத் திரட்டித் தேடற்கேற்ற பட்டியலாக்கும் ஆர்ச்சி என்னும் செய்நிரலை அமைத்தார். இணையத் தேடலுக்கு அதுவே முன்னோடி. ஆயின் அது கோப்பின் பெயரை மாத்திரம் அறியும், உள்ளடக்கத்தை அறியாது.

1994 இல் இரு வேறு நெறிகள் ஒருங்கே தோன்றின. கலிபோர்ணியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து மாணவர்களான யெறி யாங், டேவிட் பைலோ என்னும் இருவர், தாம் கண்ட வலைத்தளங்களைத் துறைவாரியாக வகுத்து ஒரு பட்டியல் தொடங்கினர். யாகூ என்று பின்னர்ப் பெயர்பெற்ற அப்பட்டியல் மனிதர் பார்த்துத் தெரிந்து வகுத்ததாகலின் நிகண்டு நெறியைச் சார்ந்தது. அதே ஆண்டு ஏப்பிரிலில், வொஷிங்ரன் பல்கலைக்கழகத்துப் பிறையன் பிங்கேர்ட்டன் என்பவர் வெப்குறோளர் என்னும் தேடுபொறியை வெளியிட்டார். அது பக்கத்தின் சொற்கள் அனைத்தையும் படித்து அட்டவணைப்படுத்தியது. அகராதி நெறியைச் சார்ந்தது. 1995 திசெம்பரில் டிஜிற்றல் ஈக்விப்மென்ட் என்னும் கணினி நிறுவனம் வெளியிட்ட அல்ராவிஸ்ரா, ஒரு கோடிக்கு மேற்பட்ட பக்கங்களைத் தன் அட்டவணையிற் கொண்டிருந்தது. மனிதர் கைகள் வகுக்கும் பட்டியல் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாதாயிற்று. அகராதி நெறி வென்றது.

இப்பொறிகள் தொழிற்படும் முறை மூன்று படிகளை உடையது. முதற்கண், தவழி எனப்படும் செய்நிரல் ஒரு பக்கத்தைப் படித்து, அப்பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்பற்றி அடுத்த பக்கங்களுக்குச் செல்லும். இரண்டாவதாக, படித்த பக்கங்களினின்றும் ஒரு தலைகீழ் அட்டவணை ஆக்கப்படும். அஃதாவது, பக்கத்துக்கு அதன் சொற்கள் என்றிராது, சொல்லுக்கு அது வரும் பக்கங்கள் என்று அமையும். பாரிஸ் துறவிகள் செய்ததும் இதுவே. மூன்றாவதாக, ஒருவர் ஒரு சொல்லைத் தேடுமிடத்து, அச்சொல்லை உடைய பக்கங்களுள் எது முதலாவது, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தப்படும். முதலிரு படிகளும் உழைப்பால் முடிவன. மூன்றாவதே தீர்ப்பு. போட்டி நிகழ்ந்ததும் அம்மூன்றாம் படியைப் பற்றியே.

சொல் என்னும் அளவுகோல்

தகுதியை அளத்தற்கு முதலிற் கையாளப்பட்ட அளவுகோல் சொல்லே. ஐ. பி. எம். நிறுவனத்து ஆன்ஸ் பீற்றர் லூன் 1950 களிலேயே, ஒரு கட்டுரையில் ஒரு சொல் எத்தனை முறை வருகின்றது என்பதைக்கொண்டு அதன் பொருளை மதிப்பிடலாம் என்று காட்டினார். 1972 இல் கேம்பிறிட்ஜ் நகரத்துக் கறன் ஸ்பார்க் யோன்ஸ் என்னும் அம்மையார் அதற்கொரு திருத்தங் கூறினார். எல்லா ஏடுகளிலும் வருஞ் சொல் எந்த ஏட்டையும் பிரித்துக் காட்டாது. சில ஏடுகளில் மாத்திரம் வருஞ் சொல்லுக்கே மதிப்பு மிகுதி என்பது அவர் கண்ட விதி. ‘அது’, ‘ஆனால்’ என்னுஞ் சொற்கள் ஓர் ஏட்டில் நூறு முறை வந்தாலும் அதன் பொருள் விளங்காது. ‘சங்கிலியன்’ என்னுஞ் சொல் மும்முறை வந்தாலே பொருள் விளங்கிவிடும். கோர்ணெல் பல்கலைக்கழகத்து யெறாட் சால்ற்றனும் அவர் மாணாக்கரும் இவ்விதிகளைக் கணிதமாக்கிப் பரிசோதித்தனர்.

இவ்வறிஞர்கள் ஆராய்ந்தவை நூலகத்து ஏடுகள். அவற்றின் ஆசிரியர்கள், தம் சொற்கள் எண்ணப்படுகின்றன என்பதை அறியாமல் எழுதியவர்கள். வலைத்தளத்தாரோ அறிந்திருந்தனர். சொல்லின் எண்ணிக்கையே முன்னிடத்தைத் தருமாயின், சொல்லைப் பெருக்குதல் எளிது. ஒரே சொல்லை நூறு முறை அடுக்கிய பக்கங்கள் 1990 களின் நடுப்பகுதியிலேயே தோன்றின. மனிதர் கண்ணுக்கு அது வெறுப்பூட்டுமாதலின், வெண்மையான பின்னணியிலே வெண்மையான எழுத்தால் அச்சொற்களைப் பொறித்து மறைத்தனர். பொறி படித்தது, மனிதர் கண்டிலர். பக்கத்தின் தலைப்பகுதியிலே, பார்வையாளர்க்குத் தோன்றாது பொறிக்கு மாத்திரம் கூறும் திறவுச்சொற் குறிப்பு ஒன்றை எழுதுதற்கு இடமிருந்தது. நேர்மையான நூலகர்க்கென வகுத்த அவ்விடத்திலே, பக்கத்தோடு எவ்வகைத் தொடர்புமற்ற, ஆயின் பலரும் தேடுகின்ற சொற்கள் நிரப்பப்பட்டன. விளைவு யாதெனின், அக்குறிப்பு முழுவதுமே நம்பத்தகாததாயிற்று. விடைகளை வரிசைப்படுத்துதற்கு அதனைத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகிள் நிறுவனம் 2009 செத்தெம்பரிலே வெளிப்படையாக அறிவித்தது. பொய்யர் சிலர் புகுந்தமையால் மெய்யர் எழுதிய குறிப்பும் பயனற்றுப்போயிற்று.

மேற்கோள் என்னும் அளவுகோல்

ஒருவன் தன்னைப் பற்றித் தானே கூறுவதை நம்பலாகாது எனின், பிறர் அவனைப் பற்றிக் கூறுவதை நோக்குதல் முறை. இக்கருத்துக்கு மூலம் விஞ்ஞான உலகிலே கிடைத்தது. அமெரிக்கரான இயூஜின் காபீல்ட் 1955 இல், விஞ்ஞானக் கட்டுரைகளை அவை பிற கட்டுரைகளால் மேற்கோள் காட்டப்படும் வகையால் அட்டவணைப்படுத்தலாம் என்று எழுதினார். 1964 இல் அவ்வாறான மேற்கோளடைவு ஒன்றையும் வெளியிட்டார். பலராலும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை பயனுடையது என்பது அதன் அடிப்படை. உரையாசிரியர் பலர் எடுத்தாண்ட சூத்திரம் கற்றோரிடைப் பெருவழக்குடையது என்று தமிழ்ப் புலவர் கொள்வதும் இதனையொத்ததே.

ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர்களான லறி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர், இவ்வெண்ணத்தை வலைக்குப் பொருத்தினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பை ஒரு மேற்கோளாக, ஒரு வாக்காக அவர்கள் கொண்டனர். ஆயின் வாக்குகள் யாவும் சமமல்ல. தானும் பலரால் மதிக்கப்படும் பக்கம் தரும் வாக்குக்கு மதிப்பு மிகுதி. பல பக்கங்களுக்கு வாக்கை அள்ளி வழங்கும் பக்கத்தின் ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்புக் குறைவு. மதிப்பைக் கணித்தற்கு மதிப்பே வேண்டுமாதலின் இஃது ஒரு சுழல்போலத் தோன்றும். ஒரு தொடக்க மதிப்பைக் கொடுத்து, மீண்டும் மீண்டும் கணித்துவர, எண்கள் ஒரு நிலையில் அமைந்துவிடும் என்பதை அவர்கள் காட்டினர். 1998 ஏப்பிரிலில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகரத்தில் நிகழ்ந்த மாநாட்டிலே அவர்கள் அளித்த கட்டுரை, 2 கோடியே 40 இலட்சம் பக்கங்களைக் கொண்ட தம் பொறியை விவரித்தது. அவ்வாண்டு செத்தெம்பரிலே கூகிள் நிறுவனம் தோன்றியது. கோர்ணெல் பல்கலைக்கழகத்து யோன் கிளைன்பேர்க் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில், இணைப்புகளைக்கொண்டு மதிப்பிடும் வேறொரு முறையைத் தனித்துக் கண்டார். காலம் கனிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

புதிய அளவுகோல் சில காலம் நன்கு தொழிற்பட்டது. பின்னர் அதுவும் பழுதுற்றது. சொல்லைப் பெருக்கியோர் இப்பொழுது இணைப்பைப் பெருக்கினர். ஒன்றையொன்று புகழ்தற்கென்றே நூற்றுக்கணக்கான வெறுந்தளங்களை நிறுவினர். இணைப்பைக் காசுக்கு விற்றனர், வாங்கினர். வாசகர் கருத்து எழுதுதற்கென்று பிறர் திறந்துவைத்த இடங்களிலெல்லாம் தம் தளத்தின் முகவரியைச் செய்நிரல் கொண்டு இறைத்தனர். 2005 சனவரியில் கூகிள், யாகூ, மைக்குறோசொவ்ற் என்னும் மூன்று நிறுவனங்களும் ஒன்றுகூடி, இவ்விணைப்பை வாக்காகக் கொள்ளற்க என்று தளத்துரிமையாளர் குறித்தற்கு ஓர் அடையாளத்தை ஏற்படுத்தின. வேடிக்கைக்காக இவ்வளவுகோலைத் திரித்தோரும் உளர். 2003 இல் ‘படுதோல்வி’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தேடியோர்க்கு, அமெரிக்க சனாதிபதி யோர்ச் புஷ் அவர்களின் வாழ்க்கைக் குறிப்பே முதல் விடையாகக் கிடைத்தது. பலர் கூடி அத்தொடரால் அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தமையே காரணம். 2007 சனவரியிலேதான் கூகிள் அதற்கு மாற்றுச் செய்தது.

தண்டமும் நெறியும்

பொறியை நடத்துவோர் தண்டிக்கவும் செய்தனர். 2006 பெப்ரவரியில், பி. எம். டபிள்யூ. கார் நிறுவனத்தின் செர்மனித் தளம், பொறிக்கு ஒரு பக்கமும் மனிதர்க்கு வேறொரு பக்கமும் காட்டியமைக்காகக் கூகிள் அட்டவணையினின்றும் சில நாள் நீக்கப்பட்டது. 2011 பெப்ரவரியில் பண்டா என்னும் பெயரால் அறியப்பட்ட திருத்தம், பிறர் எழுதியதைப் படியெடுத்தும் பொருளின்றி நீட்டியும் பக்கங்களைக் குவித்த தளங்களைப் பின்தள்ளியது. அமெரிக்க நாட்டுத் தேடல்களில் ஏறத்தாழ 12 சதவீதம் அதனால் மாறுதலடைந்தன என்று அந்நிறுவனம் கூறியது. 2012 ஏப்பிரிலில் வந்த பெங்குயின் என்னும் திருத்தம் போலி இணைப்புகளைத் தாக்கியது. இத்திருத்தங்களால் ஏமாற்றுவோர் மாத்திரமன்றி, ஏமாற்றுவோர்க்குக் கூலி கொடுத்து உண்மை அறியாதிருந்த சிறு வணிகரும் ஒரே இரவில் வாசகரை இழந்தனர்.

பொருளியலறிஞரான சாள்ஸ் குட்காட், 1975 இல் இங்கிலாந்தின் பணக்கொள்கை பற்றி எழுதுகையில், ஓர் அளவை ஆட்சிக்குரிய கருவியாகக் கொண்ட அளவிலே அது தன் நம்பகத்தன்மையை இழக்கும் என்னுங் கருத்தை வெளியிட்டார். தேடுபொறி வரலாறு அக்கருத்துக்கு ஒரு நீண்ட விளக்கவுரை எனலாம். சொல் அளவாயிற்று, சொல் போலியாயிற்று. இணைப்பு அளவாயிற்று, இணைப்பும் போலியாயிற்று. பரீட்சைப் புள்ளியை மாத்திரம் அளவாகக் கொள்ளுமிடத்துக் கல்வி என்னாகின்றது என்பதைப் பாடசாலைகள் அறியும். வினாத்தாளுக்கு விடை மனனஞ் செய்தவனும் பாடத்தைக் கற்றவனும் புள்ளிப் பட்டியலில் அருகருகே நிற்றல் கூடும். அளவுகோல் பழுதுற்றது என்று அளத்தலையே கைவிடல் இயலாது. அளவுகோலை இடையறாது திருத்திக்கொண்டிருத்தலே செய்யக்கூடியது.

இவற்றால், தேடுபொறி உகப்பாக்கம் முழுவதும் வஞ்சகம் என்று கொள்ளுதல் பிழையாகும். அதன் நேர்மையான பகுதி நூற்பதிப்புக் கலையின் தொடர்ச்சியேயாம். பக்கத்துக்குப் பொருளை உணர்த்தும் தலைப்பு இடுதல், உள்ளடக்கத்தைத் தெளிவான உபதலைப்புகளாற் பகுத்தல், படத்துக்கு அதன் விளக்கத்தைச் சொல்லால் எழுதுதல், ஒரே தளத்தின் பக்கங்களைத் தம்முள் முறையாக இணைத்தல், பக்கம் விரைந்து திறக்குமாறும் கைப்பேசியிலும் படிக்கத்தக்கதாகவும் அமைத்தல் என்பன அப்பகுதியைச் சாரும். 1994 இல் மார்ட்டின் கொஸ்ற்றர் முன்மொழிந்த ஒரு சிறு கோப்பு, தவழி எங்கே புகலாம், எங்கே புகலாகாது என்று கூறும். 2005 இல் வந்த தளவரைபடக் கோப்பு, இன்னின்ன பக்கங்கள் இங்கே உள என்று பட்டியலிட்டுக் காட்டும். 2011 யூனில் முதன்மையான தேடுபொறி நிறுவனங்கள் கூடி வகுத்த சொற்றொகுதி, இது நூலின் பெயர், இது ஆசிரியர் பெயர், இது வெளிவந்த ஆண்டு என்று பொறிக்கு ஐயமறக் கூறுதற்கு உதவும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளிலே பாட்டு முதற்குறிப்பும் அரும்பத அகராதியும் சேர்த்தது நூலை விற்றற்பொருட்டு அன்று, தேடுவோன் கண்டடைதற்பொருட்டே. அதனையொத்த நோக்கத்தோடு செய்யப்படும் உகப்பாக்கம் வாசகர்க்குச் செய்யுந் தொண்டாகும். பொறிக்கு உதவுவது எதுவோ அது மனிதர்க்கும் உதவுகின்றதா என்னும் வினாவே, நேர்மையையும் வஞ்சத்தையும் பிரித்தறியும் உரைகல்.

காசும் அதிகாரமும்

முன்னிடத்துக்குக் காசு உண்டு என்பதும் விரைவில் வெளிப்பட்டது. 1998 இல் கோற்று என்னும் நிறுவனம் தேடல் விடைகளில் முன்னிடத்தை ஏலத்தில் விற்கத் தொடங்கியது. பேஜும் பிறினும் அதே ஆண்டு எழுதிய கட்டுரையிலே, விளம்பரத்தால் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும், தேடுவோர் பக்கம் சாயாது என்று எச்சரித்திருந்தனர். ஆயினும் 2000 ஒற்றோபரில் அவர்களுடைய நிறுவனமே விளம்பர விற்பனையைத் தொடங்கியது. விளம்பரம் விடையினின்றும் பிரித்துக் காட்டப்பட்டது என்பது உண்மை. ஆயின் எச்சரிக்கை எச்சரித்தோரையே வந்தடைந்தது என்பதும் உண்மை. 2017 யூனில் ஐரோப்பிய ஆணைக்குழு, தன் பொருள்விலை ஒப்பீட்டுச் சேவைக்குத் தேடல் விடைகளில் முறையற்ற முன்னிடம் தந்தமைக்காகக் கூகிள் நிறுவனத்துக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 செத்தெம்பரிலே ஐரோப்பிய நீதிமன்றம் அத்தண்டத்தை உறுதிசெய்தது. 2024 ஓகத்தில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றும், அந்நிறுவனம் தேடல் துறையில் தன் தனியாதிக்கத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என்று தீர்ப்பளித்தது. அட்டவணையை ஆக்குவோனே கடையும் வைத்திருப்பானாயின், அட்டவணையிலே எக்கடை முதலில் நிற்கும் என்பது பழைய வினா. அவ்வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவேண்டிய அளவுக்கு அட்டவணை வலிமை பெற்றுவிட்டமையே புதிது.

தமிழ்ப் பக்கங்களின் நிலை

இப்போட்டியிலே தமிழ் நெடுங்காலம் நுழைவாயிலுக்கு வெளியே நின்றது. காரணம் எழுத்து முறையிலே இருந்தது. கணினியிலே தமிழ் எழுதத் தொடங்கிய காலத்து, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை அமைத்த எழுத்துருக்களே வழங்கின. இலங்கையிற் பெருவழக்குற்ற பாமினி எழுத்துருவும் அத்தகையதே. அதிலே ‘தமிழ்’ என்று பொறித்தால், மனிதர் கண்ணுக்குத் தமிழ் தோன்றும். பொறிக்கோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும். பாமினியால் எழுதிய பக்கத்தைப் பொறி படித்தது; படித்தும் அதனைத் தமிழ் என்று அறிந்திலது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையைக் கொண்டிருந்தமையால், ஒன்றால் எழுதியதை மற்றொன்றாலே தேடவும் இயலவில்லை.

ஒருங்குறி எனப்படும் உலகப் பொதுக்குறிமுறையிலே 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் 2000 ஆம் ஆண்டளவில் இயங்குதளங்கள் அதனை ஆதரித்த பின்னரே அது மெல்லப் பரவியது. அதற்கு முன்னர்ப் பழைய எழுத்துருக்களால் எழுதப்பட்ட பக்கங்களுள், மாற்றி எழுதப்பட்டவை தேடலுக்கு உட்பட்டன. மாற்றப்படாதவை இருந்தும் இல்லாதன போலாயின.

எழுத்து முறை செம்மையுற்ற பின்னரும் இலக்கணம் தன் வினாவை எழுப்பியது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் சிறு மாற்றமே அடையும். 1980 இல் மார்ட்டின் போர்ட்டர் என்பவர் ஆங்கிலச் சொற்களின் ஈற்றை நீக்கி அடிச்சொல்லைக் காணும் எளிய விதிகளை வெளியிட்டார். தமிழிலோ ‘யாழ்ப்பாணம்’ என்னும் பெயர் வேற்றுமை ஏற்குமிடத்து மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்று ‘யாழ்ப்பாணத்தில்’ என்றும் ‘யாழ்ப்பாணத்துக்கு’ என்றும் ஆகும்; தொகைநிலையில் ‘யாழ்ப்பாணக் கல்லூரி’ என வல்லெழுத்து மிகும். சொல்லை அவ்வாறே எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கும் பொறிக்கு இவையெல்லாம் வெவ்வேறு சொற்களே. பிறமொழிப் பெயர்களை எழுதுவதிலும் வேற்றுமை உண்டு. இலங்கையர் ‘ரொறன்ரோ’ என்று எழுதும் நகரத்தைத் தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’ என்று எழுதுவர். ஒருவர் எழுதியதை மற்றவர் தேடிக் காண்டல் அரிதாயிற்று. 2018 இல் வந்த பேர்ட் முதலிய மொழி மாதிரிகள் சொல்லை அதன் சூழலோடு வைத்துப் பொருள்கொள்ள முயல்வன. இக்குறையை ஓரளவு தீர்த்தன. எனினும் படித்துப் பழகுதற்குப் போதிய எழுத்து இணையத்தில் உள்ள மொழிக்கே அவை சிறந்த பயன் தருவன. ஆகவே தமிழ் எழுத்தைத் தேடத்தக்க வடிவத்தில் இணையத்திலே வைத்தல், தேடுவோர்க்கு மாத்திரமன்றிப் பொறியின் கல்விக்கும் வேண்டப்படுவதாயிற்று.

இழப்பும் கடமையும்

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. தீயினால் வரும் இழப்பு எவர்க்கும் விளங்கும். தீயின்றியும் இழப்பு வரும் என்பது அவ்வாறு விளங்குவதில்லை. ஒரு நூல் அலுமாரியில் இருந்தும், அஃது அங்கே உண்டு என்பதை எவரும் அறியாவிடின், அது படிப்போர்க்கு இல்லாத நூலே. 2005 இல் தன்னார்வலராற் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் மின்வடிவாக்கி யாவர்க்கும் திறந்துவைத்தது. அத்தொண்டின் ஒரு பகுதி ஏடுகளைப் படம்பிடித்தல். அதனினும் அரிய பகுதி, ஒவ்வொன்றுக்கும் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, உள்ளடக்கம் என்பவற்றை எழுத்தாற் பதிந்துவைத்தல். படம் மாத்திரமாயின் பொறிக்கு அது கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளின் தொகுதி. பதிவு உண்டாயின் அது தேடற்குரிய நூல். பதிவு எழுதுவோர் தம்மை உகப்பாக்கம் செய்வோர் என்று எண்ணியிருத்தல் இல்லை. ஆயின் அக்கலையின் தூய வடிவம் அவர்கள் செய்ததே.

2022 நவம்பரிலே சற்ஜிபிரி வெளிவந்த பின்னர் மற்றொரு மாறுதல் தொடங்கியது. பக்கங்களின் பட்டியலைத் தருதற்குப் பதிலாக, பொறியே விடையைத் தொகுத்து எழுதித் தரலாயிற்று. 2024 மே மாதத்திலே கூகிளும் தன் விடைப்பட்டியலின் மேல் அத்தகைய தொகுப்புரையை அமெரிக்காவில் வெளியிடத் தொடங்கியது. தேடுவோன் மூலப் பக்கத்துக்குச் செல்லாமலே மீளுதல் கூடும். உரையை மாத்திரம் படித்து மூலத்தைப் படியாது விடும் மாணாக்கன் எவ்வளவு அறிவானோ அவ்வளவே அவனும் அறிவான். உரை வழுவுற்றதாயின் அதனைக் கண்டுகொள்ளுதற்கும் மூலமே வேண்டும். ஆதலின் முன்னிடத்துக்குரிய போட்டி முறைகள் மாறினும், மூலத்தைத் தெளிவாகவும் தேடத்தக்கதாகவும் வைத்தல் என்னும் கடமை மாறவில்லை.

சொல்லைப் பெருக்கியோர் பெற்ற முன்னிடம் சில ஆண்டு நின்றது. இணைப்பைப் பெருக்கியோர் பெற்றது ஒரு திருத்தத்தோடு அழிந்தது. தக்க பொருளை எழுதி, அதற்குத் தக்க தலைப்பிட்டு, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிழையறக் குறித்துவைத்தோர் பணிக்கு எத்திருத்தத்தாலும் இழுக்கு நேர்ந்ததில்லை. ஒவ்வொரு கல்லூரியின் பழைய மலர்களும், பெயரறியப்படாத நூற்றுக்கணக்கான ஆசிரியரும் மாணவரும் எழுதிய கட்டுரைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைப் படமாக்கி, எண்ணை மாத்திரம் பெயராக இட்டு ஓர் இடத்திற் குவித்தல் பாதி வேலை. ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் பெயரையும் எழுதியவர் பெயரையும் ஒருங்குறித் தமிழிலே பதிந்துவைத்தலே அவ்வேலையின் மறுபாதி. அது முடியுமாயின், ஐம்பது ஆண்டு கழித்துத் தம் பாட்டனாரின் பெயரைத் தேடும் ஒருவர், அவர் மாணவப் பருவத்தில் எழுதிய கட்டுரையைக் கண்டடைவர்.